அரைக்காசு அம்மனின் அச்சு: வேலையை வெளியே கொடுப்பது பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை ஊரில் அரைக்காசு அம்மன் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் ஏதாவது பொருள் காணாமல் போய்விட்டால் அம்மனுக்குக் கொஞ்சம் வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வது வழக்கம். தேடியது கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையைப் பற்றிப் பேச இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. பெயரைப் பற்றிப் பேசத்தான். ஒரு தெய்வத்துக்கு நாணயத்தால் பெயர் வந்திருக்கிறது. அதிலும் பொன் நாணயமில்லை, வெறும் செப்புச் சல்லி. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் வெளியிட்ட அம்மன் காசு அது. ஒரு முகத்தில் அமர்ந்த நிலையில் பிரகதாம்பாள், மறுமுகத்தில் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற ஒரே சொல். தொண்டைமான்கள் தம்மைப் பிரகதாம்பாதாஸ், அதாவது பிரகதாம்பாளின் அடிமை, என்று எழுதிக்கொண்டவர்கள். அரசனுடைய முகமோ பெயரோ இல்லாமல் அவனுடைய எஜமானியின் உருவம் காசில் ஏறியதற்குப் பின்னால் இந்த உறவு இருக்கிறது.

அந்தக் காசு பர்மிங்காமில் அடிக்கப்பட்டது.

இதைச் சொன்னதும் நம்மவர்களில் பலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். திருக்கோகர்ணத்துக் கோயிலில் இருக்கும் அம்மன், நீராவிச் சக்கரம் சுழலும் இங்கிலாந்துத் தொழில் நகரம் ஒன்றிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கினாள் என்றால் காலனியம் பற்றிய ஒரு கேலிச்சித்திரம் தயாராகக் கிடைத்துவிடுகிறது. அந்தக் கேலிச்சித்திரத்தோடு நின்றுவிட்டால் விஷயத்தின் பாதி தப்பிவிடும். ஒரு சின்ன நிறுவனம் (சமஸ்தானத்தையும் அப்படித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது) தன் வேலைகளில் எதைத் தானே செய்வது, எதைக் கூலி கொடுத்து வெளியே செய்வித்துக்கொள்வது என்ற கேள்வி இதில் மிகச் சுத்தமான வடிவத்தில் இருக்கிறது. இன்று ‘அவுட்சோர்சிங்’ என்று எல்லோரும் உச்சரிக்கிற சொல்லுக்கு நம் மாவட்டத்திலேயே நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேற்பட்ட உதாரணம் உண்டு.

1

முதலில் கணக்கு. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 320. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆகச் சிறிய காசான தம்பிடி அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அம்மன் காசு அதைவிடவும் சிறியது. பத்தாயிரம் காசு அடித்து முடித்தாலும் அதன் முகமதிப்பு 31 ரூபாய் 4 அணாதான். இந்த முப்பத்தோரு ரூபாய்க்குள் செம்பு வாங்க வேண்டும், கரி வாங்க வேண்டும், உருக்கி வெட்டித் துண்டாக்க வேண்டும், தேய்ந்து போகும் அச்சை மறுபடி வெட்ட வேண்டும், அடிப்பவனுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். ஒரு வராகனை அடிக்க எத்தனை சுத்தியல் அடியோ ஏறக்குறைய அத்தனை அடிதான் இதற்கும். வேலை ஒன்று, மதிப்பு மட்டும் பாதாளத்தில். உலகத்தில் எல்லா அரசுகளுக்கும் சில்லறைக் காசு ஒரு தலைவலியாகவே இருந்ததற்கு இதுதான் காரணம்.

கையால் அடித்த பழைய அம்மன் காசைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தடித்த சின்னத் துண்டு, வட்டமும் இல்லை சதுரமும் இல்லை. அச்சு செம்புத் துண்டைவிடப் பெரியதாக இருக்கும். ஆகையால் ஒரு காசில் அம்மனின் தலை விழுந்திருக்கும், இன்னொன்றில் மடி. ‘விஜய’வில் ஓர் எழுத்துக் கிடைத்தால் அதிர்ஷ்டம். பயன்படுத்தியவர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இருந்திருக்காது. செம்பும் எடையும் பழக்கமும் சரியாக இருந்தால் காசு செல்லும்.

இந்தக் காசு எதற்காக? கடையில் கறிவேப்பிலை வாங்கவும் பயன்பட்டிருக்கும், ஆனால் அதன் பிறப்பிடம் வேறு. நவராத்திரியின்போது அரண்மனையில் அரிசி தானம் நடக்கும். அரிசியோடு கூட இந்தக் காசும் கொடுக்கப்படும். அரண்மனை மரபு இதை விஜயரகுநாதராயத் தொண்டைமான் காலத்தோடு, 1738ஆம் ஆண்டில் சதாசிவ பிரம்மேந்திரரை அவர் சந்தித்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியோடு சேர்த்துப் பேசுகிறது. சுவாமிகள் மணலில் மந்திரம் எழுதிக் காட்டினார், அந்த மணலை அரசர் பத்திரப்படுத்தினார், தசராவும் தானமும் தொடங்கின என்று கதை போகிறது. ‘விஜய’ என்பது அரசரின் பெயரா, விஜயதசமியின் வெற்றியா என்பதில் இரண்டு அபிப்பிராயமும் உண்டு. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகின்றன. கொடுப்பதற்காக அடித்த காசு இது. செலவழிவது பிற்பாடு.

2

1889இல் இயந்திரத்தில் அடித்த அம்மன் காசு வந்துவிட்டது. சுத்தமான வட்டம், நேரான விளிம்பு. அம்மன் நடுவில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறாள். ‘விஜய’ முழுசாகப் படிக்கக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் காலணாவின் எடை 100 கிரெய்ன். காலணாவுக்கு ஐந்து அம்மன் காசு என்று வகுத்தால் ஒன்றுக்கு 20 கிரெய்ன், ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல். புதுக் காசின் எடையும் ஏறத்தாழ அதுதான். ஆக, தோற்றத்தில் பழைய காசேயானாலும் உடம்பால் அது பிரிட்டிஷ் செப்பு நாணயத்தின் கிளைபோல ஆகிவிட்டது.

வேலையை வெளியே கொடுக்கலாமா என்று யோசிக்கிற எவருக்கும் அம்மன் காசு ஒரு பாடம்போல அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். காசில் ஆண்டு கிடையாது. அரசன் பெயர் கிடையாது, பட்டம் மாறினால் அச்சு மாற்ற வேண்டாம். உருவம் என்றைக்கும் அதுவே. ஒருமுறை மாதிரியைக் கொடுத்துவிட்டால் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாயிற்று. தினமும் பக்கத்தில் நின்று ‘இப்படி இல்லப்பா, அப்படி’ என்று திருத்த வேண்டிய வேலை இல்லை. தேவை வருஷத்துக்கு ஒருமுறை குவியலாக வருகிறது, எப்போது வரும் என்பதும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. செம்பு கெட்டுப்போகாது, ஆகவே பல வருஷத்துக்கானதை ஒரே தடவையில் வாங்கிக் கஜானாவில் போட்டுவைக்கலாம். மற்ற பதினோரு மாதமும் உலையைச் சும்மா எரியவிட்டு ஆட்களுக்குப் படி அளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. வந்த சரக்கு சரியா என்று சோதிப்பது சுலபம். சார்லஸ் பாபேஜ் 1832இல் எழுதிய இயந்திரங்களின் பொருளாதாரம் பற்றிய நூலில் இந்த விஷயத்தைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். ஒரு பொருளின் விலையோடு அது நல்லதா என்று சரிபார்க்கும் செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். சர்க்கரைக் கட்டியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். தேயிலையில் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மாவு மூட்டை ஒவ்வொன்றையும் சோதித்து மாளாமல் இங்கிலாந்து அரசாங்கமே மாவு ஆலை கட்டித் தானே அரைத்துக்கொண்டது, அதுவே மலிவு என்று கண்டது என்ற உதாரணத்தையும் அவர் தருகிறார். மாவை உள்ளே வைத்துக்கொள், காசை வெளியே கொடு என்றாகிறது. ஒரு பிடி காசைத் தராசில் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதெல்லாம் தெரியாத சங்கதியில்லை. ஈய எழுத்துக் காலத்தில் சொந்த அச்சகம் வைத்து நடத்த முயன்று, கம்பாசிட்டருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கப் போய், கடைசியில் இதழை மறந்த கதைகள் எத்தனை. அச்சுக்கோர்ப்பை வெளியே கொடுத்தார்கள், கட்டுவதை வெளியே கொடுத்தார்கள். புரூஃப் பார்ப்பதை மட்டும் யாரும் கொடுக்கவில்லை, காரணம் பாபேஜ் சொன்னதுதான்.

3

1889இல் சமஸ்தானத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் யார்? அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886இல் பட்டத்துக்கு வந்தபோது சின்னப் பையன். ஆட்சி நடத்தியவர் திவான் ரீஜண்ட் அ. சேஷய்ய சாஸ்திரி. 1878இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்தவர், 1894 வரை இருந்தார். அதற்கு முன் 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவான். திருவிதாங்கூருக்குச் சொந்த நாணயச்சாலை உண்டு. அங்கே வெள்ளிச் சக்கரம் என்ற காசு மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதை விரலால் எண்ண முடியாமல் குழி குழியாகச் செதுக்கிய சக்கரப் பலகையில் கொட்டிக் குலுக்கித்தான் எண்ணுவார்கள். சின்னக் காசு அடிப்பதும் எண்ணுவதும் காப்பதும் எவ்வளவு தொல்லை என்று பக்கத்திலிருந்து பார்த்த நிர்வாகி ஒருவர்தான் நம் சாஸ்திரி.

அவர் புதுக்கோட்டையில் செய்த காரியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு தர்க்கம் தெரிகிறது. விளைச்சலில் அரசு நேராகப் பங்கு எடுத்த அமானி முறையைக் கைவிட்டுப் பண வரிக்கு மாற்றியது. 1888இல் இனாம் தீர்வை: அரண்மனைக்கும் கோயிலுக்கும் படைக்கும் ஊழியம் செய்ததற்காகப் பரம்பரையாக அனுபவித்துவந்த நிலங்களைக் கணக்கில் கொண்டுவந்து, ஊழியத்தை விடுவித்து, வரியைப் போட்டது. நிலம் கொடுத்து ஆளை வைத்துக்கொள்வது பழைய முறை. வேலைக்குப் பணம் கொடுத்து உறவை முடித்துக்கொள்வது புதிய முறை. அடுத்த வருஷமே காசு அடிக்கும் வேலையும் அதே வழியில் போனது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று ஆவணம் காட்டி நிரூபிக்க நான் முயலவில்லை. ஒரே மனசு இரண்டையும் செய்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

நிக்கலஸ் டிர்க்ஸ் புதுக்கோட்டையை வைத்து 1987இல் எழுதிய ‘உள்ளீடற்ற மகுடம்’ என்று தமிழில் சொல்லத்தக்க நூலின் அடிப்படை வாதம் நமக்கு இங்கே உதவும். பழைய அரசின் அதிகாரம் வரி வாங்குவதில் இருந்ததைவிடக் கொடுப்பதில் இருந்தது. நிலம், பட்டம், மரியாதை, பரிவட்டம் ஆகியவற்றைக் கொடுப்பதன் வழியாகவே அரசன் அரசனானான். காலனியம் அந்தக் கொடையின் உள்ளீட்டை உருவிவிட்டு மகுடத்தை மட்டும் விட்டுவைத்தது என்கிறார். இந்த வாதத்தைக் காசின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் முளைக்கிறது. காசைச் செய்வதில் அரசத்தன்மை இருந்ததா, கொடுப்பதில் இருந்ததா? டிர்க்ஸ் வழியே போனால் கொடுப்பதில்தான். அப்படியென்றால் கம்பட்டத்தைப் பர்மிங்காமுக்குக் கொடுத்ததால் தொண்டைமானுக்கு ஒன்றும் நட்டமில்லை. நவராத்திரியில் அரண்மனையில் நின்று வாங்கியவனுக்கு அது எங்கே அடித்த காசு என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. கொடுத்த இடமும் கொடுத்த கையும் மாறவில்லை. 1888இல் நிலக்கொடையின் உள்ளீடு போனது; 1889இல் காசுக்கொடை தன் உள்ளீட்டைக் காப்பாற்றிக்கொண்டு வெறும் உழைப்பை வெளியே தள்ளியது. டிர்க்ஸின் மகுடத்தில் இந்த ஒரு மூலை காலியாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. (அந்த மூலையின் மதிப்பு அணாவில் இருபதில் ஒரு பங்கு என்பதும் உண்மைதான்.)

4

பர்மிங்காமுக்கும் தமிழ்நாட்டுச் செப்புக் காசுக்கும் உள்ள உறவு 1889க்கு ரொம்ப முந்தியது. மாத்யூ போல்டன் என்ற முதலாளி, ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி, 1780களின் கடைசியில் சோஹோ என்ற இடத்தில் நீராவியால் ஓடும் நாணயச்சாலை நிறுவினார். அங்கிருந்துதான் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1803இலும் 1808இலும் காசுகளை அடித்து வரவழைத்தது. 1808ஆம் ஆண்டுக் காசுகள் டன் கணக்கில் ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பலில் ஏறின. 1809 ஜனவரியில் அது இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவுக்கு வரவேண்டிய சில்லறை 1980களில்தான் கடலடியிலிருந்து வெளியே வந்தது. வேலையை வெளியே கொடுப்பவன் கணக்கில் ஒருபோதும் எழுதாத ஒரு வரி இது: கடல்.

சோஹோ மூடியபிறகு அதன் இயந்திரங்களை 1850இல் ஏலத்தில் எடுத்தது ஹீட்டன் குடும்பம். பிறகு நாற்பது ஐம்பது வருஷம் உலகத்தின் சின்ன அரசுகளுக்கெல்லாம் காசு அடிக்கும் கூலித்தறி போல அந்த நகரம் இயங்கியது. சரவாக்கின் வெள்ளை ராஜா, சான்சிபாரின் சுல்தான் என்று வாடிக்கைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் புதுக்கோட்டை நின்றதில் வியப்பில்லை.

ஆனால் இந்தியாவின் மற்ற சமஸ்தானங்களுக்கு முன்னால் வேறொரு வாசல் திறந்திருந்தது. 1876இல் வந்த சுதேச நாணயச் சட்டம். சமஸ்தானங்கள் உலோகத்தைப் பிரிட்டிஷ் நாணயச்சாலைக்கு அனுப்பினால் அங்கே அடித்துத் தரப்படும், அந்தக் காசு பிரிட்டிஷ் இந்தியாவிலும் செல்லும். நிபந்தனை: சமஸ்தானம் குறைந்தது முப்பது வருஷத்துக்குத் தானே நாணயம் அடிக்கக்கூடாது. ஆல்வார் 1877இல் ஒத்துக்கொண்டது; தேவாஸ், தார், பிகானிர் எல்லாம் பின்னால் வந்தன. அவற்றின் காசைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முகத்தில் விக்டோரியா.

இங்கேதான் வேலையை வெளியே கொடுப்பதில் யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது. ஆல்வார் தன் எஜமானனுக்கே வேலையைக் கொடுத்தது. காசின் ஒரு முகத்தை இழந்தது. புதுக்கோட்டை ஒரு வியாபாரி ஊருக்குக் கொடுத்தது. வியாபாரிக்கு வேண்டியது கூலி. அவனுக்கு அம்மன் ஆனாலும் ஒன்றுதான், ஆந்தை ஆனாலும் ஒன்றுதான். காசின் இரண்டு முகமும் திருக்கோகர்ணத்தின் பக்கமே நின்றன. ‘வெள்ளைக்காரனிடம் கொடுத்தது’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். நம் சமகால விமர்சனத்தில் ‘அந்நியம்’ என்ற சொல் இப்படிப் பல வித்தியாசங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, எல்லோரும் வெளியேதான் கொடுத்தார்களா? இல்லை. புதுக்கோட்டைக்குப் புதுக் காசு வந்த அதே 1889இல் சீனாவின் கான்டன் நகரத்தில் ஒரு பிரம்மாண்டமான நாணயச்சாலை திறக்கப்பட்டது. ஹீட்டன் அனுப்பிய 90 அச்சு இயந்திரங்கள் அதில் இருந்தன. ஆளுநர் ஜாங் ஜிதோங் காசை வாங்கவில்லை. காசு அடிக்கும் கருவியை வாங்கினார். அதற்கு இருபது வருஷம் முந்திய கதை இன்னும் சுவாரஸ்யம். ஹாங்காங்கில் பிரிட்டிஷ் அரசு 1866இல் சொந்த நாணயச்சாலை திறந்தது. நட்டம். 1868இலேயே மூடிவிட்டு, இயந்திரங்களை ஜப்பானுக்கு விற்றது. அதே இயந்திரங்களோடு, அங்கே வேலைபார்த்த தாமஸ் கின்டர் என்ற அதிகாரியையும் கூட்டிவந்து ஜப்பானியர்கள் 1871இல் ஒசாக்காவில் நாணயச்சாலை தொடங்கினார்கள். 1875இல் கின்டரை அனுப்பிவிட்டார்கள். ஹாங்காங் 1870களில் தன் காசைப் பர்மிங்காமில் அடித்துக்கொண்டது.

ஒரே இயந்திரம் ஓர் இடத்தில் நட்டம், இன்னோர் இடத்தில் முதலீடு. ஹாங்காங் காசுக்காக நாணயச்சாலை வைத்தது. ஜப்பான் கற்றுக்கொள்வதற்காக வைத்தது. ஒசாக்காவில் உருக்கவும் கந்தக அமிலம் தயாரிக்கவும் கணக்கு எழுதவும் பழகியவர்கள் வேறு தொழில்களுக்கும் போனார்கள். காசு ஒன்றுக்கு என்ன செலவு என்று மட்டும் பார்த்திருந்தால் ஒசாக்காவும் மூடியிருக்கும்.

இதிலிருந்து ‘உள்ளே வைத்துக்கொள்வதே விடுதலை’ என்று தாவுவதற்கும் வழியில்லை. பர்மாவின் மின்டோன் அரசர் 1865இல் பர்மிங்காமிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து மண்டலேயில் மயில் சின்னக் காசு அடித்தார். 1885இல் ராஜ்ஜியமே போனது. இயந்திரம் தடுக்கவில்லை. புதுக்கோட்டையின் அளவில் இருந்த ஒரு சமஸ்தானம், 1901 கணக்கெடுப்பில் 3,80,440 பேர் இருந்த இடம், ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் சல்லிக் காசுக்காக நீராவி இயந்திரம் வாங்கியிருந்தால் அது வெறும் ஆடம்பரமாகத்தான் முடிந்திருக்கும். சாஸ்திரியின் கணக்கு தப்பில்லை. அவர் போட்ட கணக்கில் ஒரு பத்தி இல்லை, அவ்வளவுதான்.

5

அந்தப் பத்தி சுத்தியல் பிடித்தவனுடையது.

தமிழில் அக்கசாலை என்ற சொல்லும் கம்பட்டம் என்ற சொல்லும் எத்தனை பழசு என்று எம்.ஏ. தமிழ் படித்த எவரும் ஒப்பிக்கலாம். உலோகத்தை உருக்கி, தட்டி, அச்சு வெட்டி, எடை நிறுத்து வாழ்ந்த கம்மாளர்களின் அறிவு அந்தச் சொற்களுக்குள் கிடக்கிறது. அச்சு வெட்டுகிறவன் எழுத்தைத் தலைகீழாகவும் இடம்வலம் மாற்றியும் பார்க்கப் பழகியவன். ஒரு அம்மனின் உருவத்தைச் சுண்டுவிரல் நகமளவு இரும்பில் குழிவாகச் செதுக்குவது சாதாரண வித்தையில்லை. கையால் அடித்த காசில் அம்மன் கோணலாக விழுந்திருக்கலாம், அச்சில் அவள் கோணலாக இல்லை. 1889க்குப் பிறகு இந்த வித்தைக்குச் சமஸ்தானத்தில் காசின் வழியாக வந்த வேலை நின்றது. ஒரு தலைமுறை தாண்டினால், ‘வேண்டாம், திரும்பவும் இங்கேயே அடிப்போம்’ என்று எவரும் நினைத்தாலும் கை கிடைக்காது. வெளியே கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கலாம், வெளியே போன கையைத் திரும்ப வாங்க முடியாது. சிக்கனக் கணக்கில் கூலி மிச்சம் என்று எழுதப்படுவது இதைத்தான்.

ரொனால்ட் கோஸ் 1937இல் ஒரு கேள்வி கேட்டார்: எல்லாவற்றையும் சந்தையில் வாங்கிக்கொள்ள முடியுமென்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு? சந்தையில் ஆள் தேடுவதற்கும் பேரம் பேசுவதற்கும் ஒப்பந்தம் எழுதுவதற்கும் செலவு இருக்கிறது, அந்தச் செலவு உள்ளே செய்வதைவிட அதிகமானால் உள்ளே செய்துகொள்கிறார்கள் என்பது அவர் பதில். புதுக்கோட்டைக்கு இது பொருந்தத்தான் செய்கிறது. 1974இல் ஸ்டீபன் மார்க்லின் இதே கதையை மறுபக்கத்திலிருந்து சொன்னார். வீட்டில் நெய்துகொண்டிருந்தவனை ஆலைக்குள் கூட்டிவந்தது இயந்திரத்தின் திறமைக்காக அல்ல, அவன் நேரத்தையும் கையையும் முதலாளி தன் கட்டுப்பாட்டில் வைப்பதற்காக என்றார். உள்ளே இழுப்பதும் கட்டுப்பாடு, வெளியே தள்ளுவதும் கட்டுப்பாடு. பீடி முதலாளிகள் இதை மார்க்லினுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். தொழிற்சாலைச் சட்டம் உள்ளே நுழைந்ததும் இலையையும் தூளையும் முறத்தோடு பெண்களின் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று எழுதவேண்டிவந்தது, 1974இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்யவேண்டிவந்தது.

இங்கே அம்மன் காசையும் பீடியையும் ஒன்றாக்கக்கூடாது. பர்மிங்காம் புதுக்கோட்டையைவிடப் பெரிய இடம். சின்ன நிறுவனம் தன்னைவிடப் பெரியவனுக்கு வேலை கொடுத்தது. பேரம்பேசும் பலம் அந்தப் பக்கம் இருந்தது. பீடியில் தன்னைவிட எளியவளுக்குக் கொடுக்கப்படுகிறது. முதலாவதில் தொலைவது கை, இரண்டாவதில் கை இருக்கும், உரிமை தொலையும். சின்னத் தொழில் நடத்துகிற நண்பர்கள் சிலர், இயக்கக்காரர்களும்கூட, ‘நாங்களே சின்ன ஆளுங்க, வெளியே கொடுக்காம என்ன பண்றது’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எந்தத் திசையில் கொடுக்கிறோம் என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக்கேள்வி.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் பத்தாவது பிரிவு கேட்ட கேள்விகள் நிர்வாகவியல் புத்தகங்களில் வருவதைவிடக் கூர்மையானவை. அந்த வேலை தொழிலுக்கு அவசியமானதா? வருஷம் முழுக்க நடப்பதா? இதேபோன்ற இடங்களில் வழக்கமாக நிரந்தர ஆட்களே செய்வதா? முழுநேர ஆட்கள் கணிசமான பேருக்கு வேலை கொடுக்குமளவு இருக்கிறதா? இவற்றையெல்லாம் பார்த்து அந்த வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யலாம் என்றது சட்டம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த நாலு கேள்வியையும் மூடிவிட்டு ‘மையச் செயல்பாடு’ என்ற ஒரே சொல்லை அங்கே வைத்தது. துப்புரவு, காவல், சமையல் போன்றவை பெரும்பாலும் மையமல்ல என்று பட்டியலும் போட்டது. மையம், விளிம்பு என்று இருபது முப்பது வருஷமாக நாம் கட்டுரையில் எழுதிக்கொண்டிருந்ததை அரசாங்கம் அரசிதழில் எழுதிவிட்டது, வேறு காரியத்துக்காக.

அம்மன் காசைப் பழைய நாலு கேள்வியில் நிறுத்திப் பார்க்கலாம். அவசியமானதா? தசராவுக்கு அவசியம். வருஷம் முழுக்கவா? இல்லை. நிரந்தர ஆட்களா? அக்கசாலை வைத்திருக்கும் அரசுகளில் ஆமாம். கணிசமான பேருக்கு வேலையா? சல்லிக் காசுக்கு அது சாத்தியமில்லை. ஆக இரண்டுக்கு இரண்டு.

திருப்பூரில் பனியன் கம்பெனி எதை உள்ளே வைத்துக்கொள்கிறது என்று பார்த்தால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகும். நூல் வாங்குவது முதலாளி கையில். பின்னுவது ஜாப்வொர்க், சலவையும் சாயமும் ஜாப்வொர்க், காம்பாக்டிங் ஜாப்வொர்க். துணியை வெட்டுகிற மேசையையும் செக்கிங்கையும் பேக்கிங்கையும் முடிந்தவரை கைவிட மாட்டார்கள். துணி வீணாவதும் பெயர் கெடுவதும் அங்கேதான். பாபேஜ் படிக்காமலே வந்த ஞானம். ஆனால் சாயத்தை வெளியே கொடுத்தபோது சாயத்தோடு சாயக்கழிவும் வெளியே போனது. அது யாருடைய கணக்கிலும் ஏறாமல் நொய்யலில் இறங்கியது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ‘அது எங்க வேலை இல்லீங்க’ என்று இருந்த ஏற்றுமதிக் கம்பெனிகளின் துணியும் நின்றது. நொய்யல் கரை விவசாயிக்கு அதற்கு இருபது வருஷம் முந்தியே எல்லாம் நின்றுபோயிருந்தது.

1889இல் முடிவெடுக்க ஒரு திவானின் கையெழுத்துப் போதும். அரசர் சிறுவர். கம்பட்டக்காரனிடம் யாரும் கேட்டிருக்க வேண்டிய நடைமுறையே அன்று கிடையாது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. காசை எங்கே அடிப்பது என்ற பேச்சுக்கே அதன்பின் இடமில்லை. அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்திலேயே இருக்கிறது, 1910இல் தொடங்கியது. அம்மன் காசு எங்காவது கையில் கிடைத்தால் கோணல் காசையும் வட்டக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் வெல்லத்தோடுதான் போகிறார்கள்.